பார்க்காத வண்டிக்கு ஐந்நூறு யூரோ

2007 மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் வால்டோர்ஃபிலிருந்து ஹம் நகரத்துக்குப் போனேன். போவதற்கு மட்டும்தான் டிக்கெட் எடுத்திருந்தேன். திரும்பி வருவது சொந்த மோட்டார் ஹோமில் என்று அவ்வளவு நம்பிக்கை! படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்த மாதிரிப் பழைய வண்டி வாங்க நினைப்பவர்கள் என் அசட்டுத்தனத்தைப் படித்துவிட்டுப் போகலாம்.

முதலில் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்தில் அப்பாவும் அம்மாவும் கோவையிலிருந்து வருவதாக இருந்தது. ப்ராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போக வேண்டும். வந்துவிட்டால் அடக்க முடியாது. இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். "நீ அம்மாவக் கூட்டிட்டுப் போய்ச் சுத்திக் காட்டுப்பா, நான் வீட்லயே டிவி பாத்துட்டு இருக்கேன்" என்று மட்டும் போனில் சொன்னார். ஜெர்மனி வரைக்கும் வந்து என் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போவதை நினைத்தாலே எனக்கு என்னவோ போலிருந்தது.

இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 1991 மாடல், 8,400 யூரோ, நான்கு பேர் படுக்கலாம். ஹம்மிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். விற்பவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "சனிக்கிழமை வேறு இரண்டு பேர் வருகிறார்கள். 500 யூரோ அனுப்பினால் அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்ப வராது" என்றார். அன்றே அனுப்பினேன். அலுவலகத்தில் இருநூறு பக்க ஆவணத்தில் ஒரு காற்புள்ளி பிசகினாலும் பிடிக்கிறவன், விளம்பரத்தில் கட்டில் நீளத்தையும் கழிப்பறைப் படத்தையும் மட்டும் பார்த்தேன்.

காலை 6:50க்குக் கிளம்பி, இரண்டு ரயில் மாறி, 10:45க்கு ஹம். சலுகை டிக்கெட் 39 யூரோ. பையில் ஐந்து நாளுக்கு மட்டும் செல்லும் தற்காலிக எண் பலகை இருந்தது. காப்பீட்டோடு சேர்த்து அதற்கு 105 யூரோ. ஸ்டேஷனுக்கு ராஜி அக்கா காரில் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஹம் கோயில் தேருக்குப் போனபோது அன்னதானப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமானவர். கார் ஓடும்போதே அப்பா விஷயத்தையும், போடன்சே ஏரிக்கு அவர்களைக் கூட்டிப் போகும் திட்டத்தையும் சொன்னேன். அக்கா ஆச்சரியப்படவும் இல்லை, உச்சுக் கொட்டவும் இல்லை.

தபால்காரர் வீட்டு வாசலில் நான் இன்ஜினைப் பார்க்கக் குனிந்தபோது அக்கா நேராகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உட்கார்ந்து, எழுந்து, திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஓம் தம்பி, ஐயாவுக்கு இந்த இடம் காணும். கைபிடி ஒண்டு பூட்டினாச் சரி. படிதான் கொஞ்சம் உயரம்."

சுவரில் ஈரம் இல்லை, சாவியின் முதல் திருப்பிலேயே இன்ஜின் கிளம்பியது. எல்லாம் சரி என்று மேஜை முன் உட்கார்ந்தோம். தபால்காரர் என் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, விரலால் ஒரு தட்டு தட்டினார். "பி வகுப்பு. 3,500 கிலோ வரைதான். இந்த வண்டி 3,850."

"ஊர்ல கார் லைசென்ஸ்லயே ஏழரை டன் வரைக்கும் ஓட்டலாமே அக்கா!" என்றேன் தமிழில், ஏதோ அக்கா சட்டத்தை மாற்றிவிடுவார் என்பது போல. இங்கே வந்து மறுபடி தேர்வெழுதி வாங்கிய லைசென்ஸில் என்ன எடை என்று நான் பார்த்ததே இல்லை. தபால்காரர் விளம்பரத்தின் அச்சுப் பிரதியைக் காட்டினார். நான்காவது வரியிலேயே எடை இருந்தது. ஆவணத்தில் 3,500 ஆகக் குறைத்துப் பதியலாமாம். ஆனால் வெறும் வண்டியே 3,200. ஆட்கள், தண்ணீர், பெட்டி ஏற்றினால் தாண்டிவிடும். முன்பணத்தைத் தர முடியாது என்றார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஐந்நூறு போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அப்பா முகம்தான் கண்முன்னே வந்தது.

அக்கா கைப்பையிலிருந்து மடித்த இளஞ்சிவப்புக் காகிதம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே இரட்டைப் பின்னலோடு அக்காவின் பழைய போட்டோ.

"இது தொண்ணூற்றேழிலை எடுத்தது தம்பி. பழைய லைசென்ஸ், ஏழரை தொன் வரைக்கும் ஓடலாம். எனக்கு வேலையிலை உர்லாப் லீவு கிடக்கு, நாலு நாள் எடுக்கிறன். போடன்சே ஏரியை நானும் இன்னும் பாக்கேல்லை. நீங்கள் மிச்சக் காசைக் குடுங்கோ."

கொடுத்தேன். அக்காவின் காரை நான் ஓட்டி வந்து ஹம் ஸ்டேஷனில் விட்டேன். டீசல் 55 யூரோவுக்கு நிரப்பிக்கொண்டு மதியம் ஒரு மணிக்குக் கிளம்பினோம். வால்டோர்ஃபுக்கு 340 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் பத்து நிமிடம். வழியில் இரண்டு முறை "நிறுத்தலாமா அக்கா?" என்று கேட்டேன். "எனக்குத் தேவையில்லை தம்பி. ஷிப்டிலை எட்டு மணித்தியாலம் நிண்டு பழகின உடம்பு" என்று சிரித்தார். நிறுத்தவே இல்லை. மாலை ரயிலில் அவரை ஏற்றிவிட்டேன்.

ஜூனில் அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நான்கு பேரும் போடன்சே போனோம். 240 கிலோமீட்டர்தான். அப்பாவைச் சம்மதிக்க வைக்க அம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது. அப்பா முன் இருக்கையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத பெண் வண்டி ஓட்டும்போது நிறுத்தச் சொல்ல அவருக்கு வாய் வராது. ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இரவுக்கு 10 யூரோ. வாத்துகளுக்கு ரொட்டி போடக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே அப்பா ரொட்டி போட்டார். மூன்றாம் நாள் பாட்டுப் பாடினார், சுதி சேரவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு: வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால், வண்டி ஆவணத்தின் படத்தைக் கேட்டு வாங்கி, அனுமதிக்கப்பட்ட மொத்த எடையை உங்கள் லைசென்ஸோடு ஒப்பிடுங்கள். எந்தக் காரணத்துக்குப் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். படியின் உயரத்தையும் கேளுங்கள். கனரக லைசென்ஸுக்கு நான் இப்போதுதான் படிக்கிறேன்.

இன்னொன்று. போடன்சே போன நான்கு நாளும் அக்கா முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் வண்டியை ஓரங்கட்டினார். "குறை நினையாதேங்கோ ஐயா, எனக்கு அடக்க ஏலாது, ஒருக்காப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போவார். அவர் வந்ததும் அப்பா, "சரி, வண்டி நின்னதுதான் நின்னுச்சு, நானும் போயிட்டு வந்துடறேன்" என்று எழுவார். அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகுதான், ஹம்மிலிருந்து அக்கா நிறுத்தாமல் ஓட்டி வந்த அந்த நான்கு மணி நேரம் எனக்கு ஞாபகம் வந்தது.