அடுப்பை அணைத்தாரா?

பெரம்பலூர் தனி மாவட்டமான புதிது. திருச்சி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு புருவம் பாதிதான் இருந்தது. டிக்கெட் வாங்குவதற்கு முன்பே, லேமினேட் செய்த ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். பக்கத்து சீட்டில் யார் இருந்தாலும் காட்டிவிடுவாராம்.

பாறையில் மோதி மூழ்கிய சரக்குக் கப்பலைக் கடலுக்கடியில் எடுத்த படம் அது. அந்தக் கப்பலில் அவர் சமையல்காரர். எல்லோரும் படகில் தப்பிவிட்டார்கள். இப்போது அந்தக் கப்பலைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாகக் கடலுக்குள் இறங்குகிறார்களாம்.

"இதுதான் நம்ம சமையக்கட்டு. இந்த வெள்ளக்காரனப் பாருங்க, செருப்பக்கூட கழட்டாம உள்ள பூந்துட்டான்!"

"அது நீந்துறதுக்கு மாட்டுறதுங்க."

"எதுக்கா இருந்தா என்ன சார்? சோறாக்குற எடம்!"

பாடாலூர் நெருங்கியதும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணுதான் சார் மனச அரிக்குது. ஒல கொதிச்சிட்டு இருந்துச்சு. ஓடுன்னாங்க, ஓடிட்டேன். அடுப்ப அணைச்சனான்னு இன்னும் ஞாபகம் வரல."

அத்தனை பெரிய கடல் அணைத்திருக்காதா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அணைச்சிருப்பீங்கண்ணே," என்றேன்.

நிம்மதியாக இறங்கிப் போனார்.

"நானும் ஒவ்வொரு தடவையும் அதத்தாங்க சொல்றேன்," என்றார் கண்டக்டர்.