கிழக்கு பார்த்த வாசல்

சண்முகப்ரியாவைப் பொறாமைக்காரி என்று சொன்னால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். "யாரு எப்படி இருந்தா எனக்கென்ன?" என்பாள். ஆனால் அமெரிக்காவில், அவர்கள் இருக்கும் எடிசன் ஊரில் தெரிந்தவர்கள் யாராவது வீடு வாங்கிவிட்டால் போதும், அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. கணவன் செழியன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவான். பொள்ளாச்சியிலிருந்து வந்த நாளாக அவர்களுக்கு வாடகை அபார்ட்மென்ட்தான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வீடு அமைந்தது, அதுவும் கிழக்கு பார்த்த வாசலோடு. நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் அந்தத் திசைக்காக எப்படி அடித்துக்கொள்வார்கள் என்று சொல்லவே வேண்டாம். விற்பவர் விலைக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டார். இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஒப்பந்தத்தைப் படித்துச் சரி சொல்வதுதான் பாக்கி.

இவர்களுடைய வக்கீல் ஆஃபீஃபா, காயல்பட்டினத்துக் குடும்பம், ஜெர்சியிலேயே வளர்ந்த பெண். முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னாள்.

"அக்கா, அட்டர்னி ரிவ்யூ முடியற வரைக்கும் இது உங்க வீடு இல்ல. அவங்க காரணமே சொல்லாம கேன்சல் பண்ணலாம். வேற ஆஃபர் வேற காத்துட்டு இருக்கு. சட்டுனு முடிச்சிடுவோம்."

தலையாட்டிவிட்டு வந்தவள், காரில் ஏறியதும் கயலுக்குப் போன் போட்டாள். சும்மா இருந்து தொலைத்திருக்கலாம், முடியுமா? இருவரும் ஒரே வருஷம் அமெரிக்கா வந்தவர்கள், ஒரே ஆபீஸில் வேலை. போன மாதம்தான் கயல் பக்கத்து ஊரான பிஸ்காட்டவேயில் ஒரு வீட்டை முடித்திருந்தாள். இன்னும் குடிபோகவில்லை. மேற்கு பார்த்த வீடு.

"ஈஸ்ட் ஃபேசிங்டி!" என்றாள் ப்ரியா, வாயெல்லாம் பல்லாக.



"சூப்பர்டி," என்றாள் கயல். "ஆமா, என்னென்ன விட்டுட்டுப் போறாங்க? எங்களுக்கு ஃப்ரிட்ஜ், வாஷர், பின்பக்க டெக்ல இருந்த ஊஞ்சல், எல்லாமே அப்படியே விட்டுட்டாங்க. எங்க லாயர் ஒரு வார்த்தைதான் கேட்டாரு. உன் லாயர் ஒண்ணும் கேக்கலையா?"

ப்ரியாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அதென்ன, கயலுக்கு மட்டும்! வீட்டுக்கு வருவதற்குள் ஆஃபீஃபாவைக் கூப்பிட்டு ஃப்ரிட்ஜ் கேட்கச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஃப்ரிட்ஜ் கடையில கிடைக்கும். வீடு கிடைக்காது."

"நீ கேளும்மா!"

கேட்டாள். விற்பவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மறுநாள் வாஷரைக் கேட்கச் சொன்னாள். அதற்கும் சரி என்று வந்ததும் ப்ரியாவுக்குத் தெம்பு ஏறிவிட்டது.

"ஊஞ்சல் ஒண்ணு போட்டுத் தரச் சொல்லும்மா," என்றாள் ஆஃபீஃபாவிடம் போனில்.

"ஏய், உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்றான் செழியன். "அவங்க வீட்ல ஊஞ்சலே இல்லடி!"

"கயலுக்குக் கிடைச்சதுல்ல?"

ஆஃபீஃபா அதையும் கேட்டுவைத்தாள்; அன்று சாயங்காலம் அவளிடமிருந்து போன் வந்தது. எதிர்ப்பக்கத்து வக்கீல் ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். காத்திருந்த இன்னொருவருக்கு வீடு போய்விட்டது. ப்ரியா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். செழியன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு கயல் வீட்டில் பால் காய்ச்சினார்கள். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களே என்று ப்ரியா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனாள். கயலின் கணவன் முகிலன் புது ஃப்ரிட்ஜின் பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டிருந்தான்.

"இது விட்டுட்டுப் போனதில்லையா?" என்றாள் ப்ரியா.

"நீங்க வேற! அந்த மனுஷன் பல்பைக்கூடக் கழட்டிட்டுப் போயிட்டான்ங்க!"

ப்ரியா திரும்பினாள். கயல் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகிலன் நகர்ந்ததும் கிட்டே வந்து கையைப் பிடித்தாள்.

"நீ ஈஸ்ட் ஃபேசிங்னு சொன்ன அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலடி. வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நீ போய்க் கேப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல. சத்தியமா."

ப்ரியா அவளையே பார்த்தாள். இத்தனை வருஷத்தில் தன்னைப் பார்த்து வயிறெரிந்த முதல் ஆள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு நிமிஷம் உள்ளே ஜில்லென்று இருந்தது.

அப்புறம்தான் வீடு போனது ஞாபகம் வந்தது.