எட்டடியார் இறக்கிய சுவிட்ச்

எட்டடியார் என்று ஊரே கூப்பிடும் எலக்ட்ரீஷியன், ஆள் என்னவோ ஐந்தடிக்கு மேல் நாலு விரல்தான் இருப்பார். உயரமானவை அவர் மாட்டும் சுவிட்சுகள். அவையும் எட்டடி கிடையாது, ஏழடிதான். மிச்சம் ஓரடியை ஊர்வாய் சேர்த்துக்கொண்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவிட்ச் போர்டு தலைக்கு மேலேதான் இருக்கும். கதவுக்குப் பின்னால் நுனியில் ரப்பர் செருகிய குச்சி ஒன்று தொங்கும். லைட்டுக்கும் ஃபேனுக்கும் அதுதான் கை. புதிதாகச் சம்பந்தம் செய்தவர்கள் அந்தக் குச்சியைப் பார்த்து, நாய்த் தொல்லை அதிகமோ என்று விசாரிப்பது உண்டு. குச்சி இல்லாமல் சுவிட்சைத் தொட்டுவிட்ட பிள்ளை பெரிய ஆளாகிவிட்டது என்று கணக்கு. எட்டடியார் அந்தக் கணக்கில் இன்னும் சின்னப்பிள்ளைதான். அவர் மாட்டிய சுவிட்ச் அவருக்கே எட்டாது. இந்த ஊர்க்காரர்கள் வெளியூர் லாட்ஜில் தங்கினால் இருட்டில் சுவரின் உச்சியைத் தடவிக்கொண்டு நிற்பார்கள். சுவிட்ச் பாவம், இடுப்புக்குப் பக்கத்தில் இவர்களுக்காகக் காத்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணி. அந்த ஊரில் பெரியவர்கள் குரலைத் தணித்துத் 'தண்ணி' என்று சொன்னால், அது குடத்தில் இருப்பதும் இல்லை, குடிகாரன் தேடிப் போவதும் இல்லை. மலையடிவாரத்தில் இருந்த அணை ஒரு மத்தியானம் உடைந்து வந்த தண்ணி. மழைகூட இல்லை, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கொடியில் கிடந்த துணியை எடுக்கவும் நேரம் கொடுக்காமல் வந்து, பள்ளத் தெருக்களில் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கல்யாணமோ பிறப்போ, எதைக் கேட்டாலும் "தண்ணிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றுதான் கேட்பார்கள். சுவர்களில் படிந்த சேற்றுக் கோட்டை ஒவ்வொருவராகச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டார்கள். மேட்டுத் தெருவில் நினைவுத் தூண் ஒன்று உண்டு, அதில் காக்கை உட்காரும். ஊர் தண்ணியை நினைப்பது லைட் போடும்போதுதான். அந்தக் கோடு இருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே எட்டடியாரின் சுவிட்சுகள் இன்னும் நிற்கின்றன.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் போய் வயரிங் வேலை பார்த்தவர்கள். தண்ணி வந்த அன்று அண்ணன், மனைவியையும் கைக்குழந்தையையும் மாடிக்கு ஏற்றிவிட்டு, மெயினை அணைத்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினார். போர்டு இடுப்பு உயரத்தில் இருந்தது. அவர் கை போன நேரமும் தண்ணி போர்டைத் தொட்ட நேரமும் ஒன்றாக இருந்தன. அவர் திரும்பி ஏறவில்லை.

சேற்றை வாரி முடித்ததும் ஊர் முழுக்க வயரிங்கைப் புதிதாகப் போட வேண்டி வந்தது. ஏழடிக்குக் கீழே சுவரில் துளை போடமாட்டேன் என்றார் தம்பி. யாரும் மறுத்துப் பேசவில்லை. அப்போது யாருக்கும் கீழே குனிந்து பார்க்கவே தெம்பு இல்லை.

அண்ணி அதே வீட்டில், அதே கீழ் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பிள்ளையை வளர்த்தார். வீட்டில் பாப்பா என்று கூப்பிடும் அந்தப் பிள்ளை இப்போது நகரத்தில் நர்ஸ். கொழுந்தனை அரை டிரவுசரில் பார்த்தவர் அண்ணி, இன்றைக்கும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார். எட்டடியாரும் ஊரில் வேறு யாருக்கும் பயப்படமாட்டார்.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கமாகப் போனவர், பட்டப்பகலில் அண்ணியின் அறையில் லைட் எரிவதைப் பார்த்தார். நேற்றும் எரிந்தது நினைவுக்கு வந்தது. விறுவிறுவென்று உள்ளே போனார்.

"என்ன அண்ணி, பகல்ல லைட்டு எரியுது? கரண்ட்டு ஆபீஸ்காரன் நமக்கு மாமனா மச்சானா?"

அண்ணி மெஷினில் இருந்து நிமிரவில்லை. "அணைக்க முடிஞ்சா அணைக்க மாட்டேனா தம்பி?"

"ஏன், குச்சி எங்க போச்சு?"

"குச்சி இருக்கு. தூக்கத்தான் தோளு இல்ல. ரெண்டு தோளும் இறுகிக் கெடக்கு, கை மாருக்கு மேல வரமாட்டேங்குது. சரி, ஸ்டூல்ல ஏறிப் பாப்போம்னு ஏறினேன். ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்." புடவைக் கரையை விலக்கிக் கணுக்காலைக் காட்டினார். வீங்கிப் பளபளவென்று இருந்தது.

எட்டடியார் அந்த ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா? தினமும் வந்து லைட்டு போட்டு அணைப்பியா? பாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கெழம வேன் கொண்டுவர்றா. மெஷினோட ஏத்திக்கிட்டுப் போயிடுவாளாம். வீட்டை வித்துடலாம்ங்குறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உங்க சித்தப்பா சுவிட்சைக் கீழ இறக்கினா நான் இங்கயே கெடப்பேன்னேன். அவ சிரிக்கிறா. அணையைக்கூடத் திரும்பக் கட்டிடுவாங்களாம், சித்தப்பா இறக்க மாட்டாராம்."

"அது மட்டும் முடியாது அண்ணி" என்றார் எட்டடியார். "வேற என்ன வேணா கேளுங்க."

"வேற எனக்கு என்ன வேணும்?" என்று அண்ணி மெஷினை ஓட்டத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் எட்டடியார் கயிற்றுச் சுருளோடு வந்தார். சுவிட்சின் மூக்கில் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். இழுத்தால் லைட் எரிந்தது. அணைக்க அதை மேலே தள்ள வேண்டும். கயிறு இழுக்குமே தவிரத் தள்ளுமா? அண்ணி அந்தக் கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இஸ்திரிப்பெட்டி பிளக்கை எப்படிப்பா கயிறு கட்டிச் சொருகறது?" என்று கேட்டார். எட்டடியார் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

வழி இல்லாமல் இல்லை, அது அவருக்கே தெரியும். போர்டில் தண்ணீர் பட்ட மறுநொடி கரண்ட்டைத் தானே வெட்டிவிடும் டிரிப் சுவிட்ச் கடைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பல வீடுகளின் மாடியில் அவரே மாட்டியும் இருக்கிறார். மாட்டிவிட்டு, பழையபடி ஏழடியிலேயே போர்டும் வைப்பார். மூளை ஒப்புக்கொண்டதைக் கை ஒப்புக்கொள்ளவில்லை.

"உக்காரு" என்றார் அண்ணி. "அந்தப் பழைய போர்டை உங்கண்ணன் ஏன் அவ்ளோ கீழ வெச்சாரு, தெரியுமா?"

அவருக்குத் தெரியும். குள்ளமான மனைவி மெஷினில் உட்கார்ந்தபடியே சுவிட்சைத் தொடட்டும் என்று அண்ணன் ஆசையாக வைத்த போர்டு அது. இத்தனை வருஷமாக அதைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. திறந்தால் அண்ணியின் மேல் பழி போடுவதுபோல் ஆகிவிடும் என்று பயம்.

"தெரியும்" என்றார் தரையைப் பார்த்து.

"எனக்கு மட்டும் தெரியாதா? 'எட்டலங்க'ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். அன்னைக்கே இறக்கிட்டாரு. அந்த ஒரு வார்த்தையை நெனச்சு நெனச்சு எவ்ளோ நாள் அழுதிருப்பேன்! அப்புறம் ஒரு நாள் எனக்கே கோவம் வந்துடுச்சு. சுவிட்ச் கீழ இருந்ததாலயா அணை உடைஞ்சுது? அணைச் சுவரு கசியுதுன்னு காவக்காரன் கத்தினப்ப காதைப் பொத்திக்கிட்டவனுங்க நிம்மதியாத் தூங்குறானுங்க. தண்டனை மட்டும் என் தோளுக்கா?"

எட்டடியார் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அண்ணன் போனபோதுகூட அவருக்கு இப்படி அழ வாய்க்கவில்லை. அன்றைக்கு அள்ள வேண்டிய சேறு கிடந்தது. அண்ணி தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ கீழ?" என்றார் கடைசியில், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அண்ணி மெஷினில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். துணியில் குறி போடும் சாக்கட்டியால், விரல் சுலபமாகப் போன இடத்தில் சுவரில் ஒரு கோடு கிழித்தார். "இங்க."

சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டில் சுவர் உடைக்கும் சத்தம். மெயினையும் டிரிப் சுவிட்சையும் மாடிச் சுவரில் ஏற்றினார். அதன் சோதனைப் பொத்தானை அழுத்துவார், கரண்ட் போகும். திரும்பப் போடுவார், மறுபடியும் அழுத்துவார். "போதும் தம்பி, அதுவும் உயிருள்ளதுதான்" என்று அண்ணி கீழே இருந்து கத்தும்வரை அழுத்தினார். சாக்கட்டிக் கோட்டில் உளியை வைத்தவர், எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார். முதல் அடி அடித்த பிறகு நிறுத்தவே இல்லை. ஏழடியில் இருந்த பழைய பெட்டியைக் கழற்றி, பள்ளத்தைச் சிமெண்டால் பூசினார். வேடிக்கை பார்க்க வந்த எதிர்வீட்டுக்காரி, "எங்க மாமியாருக்கும் கை எட்டல, திங்கக்கெழம வர்றீங்களா?" என்று கேட்டாள். "வர்றேன்மா, ஆனா மாடியில மெயின் மாட்டினாத்தான்" என்றார். அவள் போன பிறகுதான் தான் ஒப்புக்கொண்டது அவருக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நிற்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அறைக்குள் மங்கல். மாடிப்படியில் எட்டடியார் உட்கார்ந்திருந்தார், அண்ணி மெஷினில் உட்கார்ந்திருந்தார். பாப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதவுக்குப் பின்னால் இருந்த குச்சியை எடுத்துச் சுவரின் உச்சியில் தட்டினாள். புதுச் சிமெண்டுப் பூச்சில் குச்சி பொத்தென்று முட்டியது.

"அம்மா, சுவிட்சைக் காணோமே!"

அண்ணி உட்கார்ந்த இடத்திலேயே கையை நீட்டினார். டக்கென்று ஒரு சத்தம், அறை முழுக்க வெளிச்சம்.

பாப்பா தூக்கிய குச்சியை இறக்காமலே நின்றாள். அம்மாவின் கையைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது.

"வேன்காரர் வாசல்ல நிக்கிறாரும்மா. சும்மா எப்படி அனுப்பறது?"

"எதுக்குச் சும்மா அனுப்பணும்?" என்றார் அண்ணி. "அந்த ஸ்டூலை ஏத்திவிடு."