கல்லுக்கிடங்கில் ஏற்றிப் பார்த்த கார்

கார் விற்கிறவர்கள் எல்லோரும் மாமியைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? விலையைக் கேட்கமுன், எத்தனை பேரிடம் கைமாறியது என்று கேட்கமுன், மாமி கேட்கிற முதல் கேள்வி, "இது ஏத்தம் ஏறுமோ?" என்பதுதான். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது? எங்கள் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல வீதியில் ஒரு மதகு மேடுகூட ஒழுங்காக இல்லை. கீரிமலை என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்திருக்கிறோம். அங்கேயும் கேணிக்குள் படியிறங்கிக் குளிக்கலாமே தவிர, ஏறுவதற்கு ஒன்றுமில்லை.

"ஏன் தங்கச்சி, வெங்காயப் பாத்தி வரம்பிலையோ ஏத்தப் போறியள்?" என்று நெல்லியடியில் ஒருவர் கேட்டார். அவரைவிடப் பெரிதாக நான்தான் சிரித்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. போர் முடிந்து, கண்டி வீதி திறந்து, தெற்கிலிருந்து பழைய ஜப்பான் கார்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியிருந்த காலம். மாமி அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாதவர், புத்தூரில் எங்களோடுதான் இருந்தார். தெல்லிப்பழையில் ஓர் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. தினமும் ஸ்கூட்டியில் போய் இரத்தமும் சளியும் பரிசோதித்துவிட்டு வருவார். அந்த வருடம் முழுவதும் மாமியால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. நின்றபடி சாப்பிட்டார். தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார். நல்லாயிருந்த அலுமாரியை இரண்டுதரம் இடம் மாற்றினார். முப்பத்துமூன்று வயதாகியும் மாப்பிள்ளை சரிவராத குறை என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமி கார் வாங்கப்போவதாகச் சொன்னார். கையில் ஏழு லட்சம், அதற்குமேல் ஒரு சதமும் இல்லை. அப்பாவுக்குச் சந்தோசம். சொந்தமாக ஒரு கார் நின்றால் மாப்பிள்ளை வீட்டாரோடு கதைக்க வசதி என்பது அவருடைய கணக்கு. வெள்ளை நிறம், நாலு கதவு, நாளைக்கு விற்றாலும் விலை போகக்கூடியது என்று அவர் மனதில் ஒரு காரை ஓடவே விட்டுவிட்டார். மாமி கேட்டதோ இரண்டு கதவு. உயரம் குறைந்த, உடம்பு பாரமில்லாத, எஞ்சின் மட்டும் பெலமான ஓட்டக் கார்.

"விசர்க்கதை கதையாதை. ரெண்டு கதவுக் காரிலை ஒரு சாமத்தியச் சடங்குக்கு எத்தினை பேர் போகலாம்?" என்று அப்பா கேட்டார்.

"சடங்குக்கு வானிலை போங்கோ, அண்ணை," என்றார் மாமி.

ஒரு பெண்பிள்ளை முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குத் தனியாகப் போய்க் கார் பார்ப்பது அழகில்லை என்று அம்மா சொன்னதால் என்னைக் காவலுக்கு அனுப்பினார்கள். இதைவிடப் பெரிய பகிடி இல்லை. வகுப்பில் என் வாய் ஓயாததால் என்னை மேசைக்கு அருகிலேயே இருத்தி வைத்திருந்தார் ரீச்சர். பக்கத்து வீட்டுக்காரர் மாடு விற்ற விலையை மாடு போய்ச் சேரமுன் ஊருக்குச் சொன்னவள் நான். அப்படிப்பட்டவளைத்தான் மாமி ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊரூராய்த் திரிந்தார்.

கார்களைப் பரிசோதித்துச் சொன்னவர் யாழ்ப்பாண நகரத்தில் கராஜ் வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணை. நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது தகப்பனோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் அங்கே மெக்கானிக் வேலை செய்து, திரும்பி வந்து பழைய இடத்திலேயே தகரக் கூரை போட்டவர். நானா மாமிக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தார். எனக்கும் ஒரு வேலை தந்தார். ஒரு சப்பாத்துக் காலுறைக்குள் காந்தம் ஒன்றைப் போட்டு, "இதைக் காரின்ரை உடம்பெல்லாம் ஒட்டிப் பார் பிள்ளை. ஒட்டாட்டி அதுக்குள்ளை தகரமில்லை, பூச்சுத்தான்," என்றார். உலகத்தில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது.

நெல்லியடிக் கார் பளபளவென்று நின்றது. நான் காலுறையோடு அதைச் சுற்றி வந்தேன். முன்கதவில் ஒட்டியது. பின்சில்லுக்கு மேலே வைத்தபோது நழுவி என் காலிலேயே விழுந்தது. மற்றப் பக்கமும் அப்படித்தான். "மாமி, இது அரைவாசி மாவாலை செய்த கார்!" என்று கத்தினேன். வெங்காயப் பாத்திப் பகிடி விட்டவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

சாவகச்சேரியில் ஒரு மாமரத்தின் கீழே நின்ற காரில் காந்தம் எங்கும் ஒட்டியது. உரிமையாளர் திறப்பைப் போட்டதும் எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. நான் கை தட்டினேன். மாமி மட்டும் எஞ்சின் மூடியில், பொனற்றில், கையை வைத்துப் பார்த்தார். காலையிலிருந்து எடுக்கவில்லை என்று உரிமையாளர் சொன்ன கார் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் வருமுன்னரே சூடாக்கி வைத்திருக்கிறார். ஆறிய எஞ்சின் எழும்பாத காரைத்தான் இப்படிக் காட்டுவார்கள் என்று நானா முதலே சொல்லியிருந்தார். மாமி ஸ்கூட்டியைத் திருப்பினார்.

இப்படியே ஐந்தாறு கார்கள் போயின. நல்லதென்றால் விலை எட்டவில்லை. விலை எட்டினால் முதல்நாளே யாரோ கொண்டுபோயிருந்தார்கள். மாமி இரவில் நகத்தைக் கடித்தார், பகலில் தொலைபேசியைக் கடித்துத் தின்னாத குறை. "இந்த மாதம் முடியமுன்னம் வாங்கிப்போட வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் இந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அலைவதே பிடித்திருந்தது.

கடைசியில் தெல்லிப்பழையிலேயே ஒன்று அகப்பட்டது. கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஒருவருடையது. மாப்பிள்ளை பொம்பிளையை ஏற்றவென்று வாங்கியவர். கூறைச்சேலையோடு முன்சீற்றை மடித்துப் பின்னால் ஏறுவதற்குள் இரண்டு மணப்பெண்களுக்குத் தலைமாலை கழன்றுவிட்டதாம், அதனால் விற்கிறார். கடுகு நிறம். வெயிலில் நிறம் வெளிறி, சீற்றின் தோல் வெடித்து, ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. பார்க்கவே எனக்கு அழுகை வந்தது. ஆனால் காந்தம் நழுவவில்லை. பொனற் குளிர்ந்திருந்தது. இரண்டாம் முறுக்கில் எஞ்சின் எழும்பி, புகையில்லாமல், ஒரே சீராக நின்று இரைந்தது. அன்று எங்களோடு வந்திருந்த நானா குனிந்து கேட்டுவிட்டு மாமியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஏத்தம் ஏறுமோ என்ற அந்தக் கேள்வியை மாமி கேட்டார். வீடியோக்காரரும் சிரித்தார். "அப்ப ஏத்திப் பாப்பம்," என்றார் நானா.

ஏற்றமில்லாத ஊரில் எங்கே ஏற்றுவது? மாமி அதற்கும் இடம் பார்த்து வைத்திருந்தார். புத்தூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த ஒரு பெரிய கல்லுக்கிடங்கு இருந்தது. உழவு இயந்திரங்கள் கல்லேற்றி மேலே வருவதற்காக அதன் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டியிருந்தார்கள். பௌர்ணமிப் போயா லீவு என்பதால் அன்று ஒருவரும் இல்லை. எங்கள் ஊரில் மேலே ஏற வேண்டுமென்றால் முதலில் கிடங்குக்குள் இறங்கத்தான் வேண்டும்.

வீடியோக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். மாமி கேட்கவில்லை. நானா பக்கத்தில், நானும் வீடியோக்காரரும் பின்னால், மாமி ஸ்ரியரிங்கில். இறங்கும்போது நான் முன்சீற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடியில் காரைத் திருப்பிச் சரிவில் ஏற்றி, சரியாக நடுவில் நிறுத்தி, ஹான்ட் பிரேக்கை இழுத்துவிட்டார் மாமி. முன்கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது. "இனி எடுங்கோ. அவசரப்படாமல்," என்றார் நானா. மாமி பிரேக்கை விட்டார். கார் பின்னால் வழுக்கியது. வீடியோக்காரர் முருகனைக் கூப்பிட்டார், நான் அம்மாவைக் கூப்பிட்டேன். எஞ்சின் நின்றுவிட்டது.

மாமியின் பின்கழுத்தெல்லாம் வியர்வை. திரும்பவும் திறப்பைப் போட்டார். இந்தமுறை உறுமலை ஏற்றி, கிளச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஹான்ட் பிரேக்கைத் தளர்த்தினார். கார் ஒருதரம் உதறியது, பிறகு கல்லைச் சிதறடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக மேலே பாய்ந்தது. மேலே வந்து நின்றதும் மாமி ஸ்ரியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். என் மாமி இப்படிச் சிரிப்பார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எனக்குப் பெருமையாகவும் ஏனோ பயமாகவும் இருந்தது.

"கிளச் நல்லம். உதிலை ஏறினா பதுளை மலை றோட்டுக்கும் பயமில்லை, தங்கச்சி," என்றார் நானா.

வீட்டுக்குத் திரும்பும்போது மாமி என்னிடம் சத்தியம் வாங்கினார். "கிடங்குக்குள்ளை இறங்கினது வீட்டிலை சொல்லக்கூடாது. அண்ணைக்குத் தெரிஞ்சா துள்ளுவார்." நான் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த நாளே மாமி முழுக்காசையும் கொடுத்து எழுத்து வேலையை முடித்தார். கார் பிரேக் வேலைக்காக நானாவின் கராஜில் நின்றது. சத்தியத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அம்மா கூப்பிட்டாலே திடுக்கிட்டேன். வாய் தவறிவிடும் என்ற பயத்தில் பள்ளிக்கூடத்தில்கூடக் கதைப்பதைக் குறைத்தேன். காய்ச்சலோ என்று ரீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் அப்பா காரைப் பற்றித் தொடங்கினார். உந்தக் கடுகு டப்பா மாரிமழைக்கு எங்கள் ஒழுங்கைச் சேற்றையே தாண்டாது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. கிடங்கைப் பற்றி ஒரு சொல்லும் வராதபடி, மிகவும் யோசித்து, கவனமாகச் சொன்னேன்.

"பதுளை றோட்டுக்கே அது பயமில்லையாம் அப்பா. நானா சொன்னவர்."

சத்தியத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் மாமியைப் பார்த்தேன். மாமியின் கை சோற்றில் அப்படியே நின்றது.

"பதுளைக்கு ஆர் போறது?" என்றார் அப்பா.

"நான்தான், அண்ணை. இடமாற்றம் கேட்டனான், கிடைச்சிட்டுது. ஒண்டாந் திகதி அங்கை வேலைக்கு நிக்கவேணும்."

"ஆர் அவன்?"

"ஒருத்தருமில்லை."

"பிறகேன் போறாய்?"

"போகவேணும் போலை கிடக்கு."

ஆரும் இல்லாமல் ஒரு பெண் மலைநாட்டுக்குப் போவாளோ என்று அம்மா குசினிக்குள் நின்று அழுதார். வீட்டில் அதன்பிறகு அந்த ஒரு கேள்விதான். காலையில் கேட்டார்கள், மாலையில் கேட்டார்கள். மாமி அதே பதிலைச் சொன்னார். மறைக்கிறார் என்று நானும் நம்பினேன்.

அடுத்தநாள் அப்பா என்னை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கராஜுக்குப் போனார். வழி காட்டியவள் நான். காரைத் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கிவிடலாம், திறப்பைத் தா என்று அப்பா கேட்டார். நானா எங்களுக்குத் தேத்தண்ணீர் எடுப்பித்துத் தந்தார்.

"கார் தங்கச்சியின்ரை பேரிலை, அண்ணை. திறப்பும் அவவிட்டைத்தான் குடுப்பன்," என்றவர் கையைத் துடைத்துக்கொண்டு, "மறிக்க ஆள் இருக்கிறதும் ஒரு குடுப்பினைதான். எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு மறிக்க ஒருத்தரும் இருக்கேல்லை," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அப்பா தேத்தண்ணீரை முழுவதும் குடித்துவிட்டு எழும்பினார்.

மாமி போகிற அன்று விடியவே அப்பா தோட்டத்துக்குப் போய்விட்டார். அம்மா புட்டுப் பார்சலைக் காரின் சீற்றில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி என்னை மட்டும் ஒழுங்கை முடிவுவரை ஏற்றிக்கொண்டு போனார்.

"கோவமோ, மாமி?"

"நான் சொல்லப் பயந்ததை நீ சொன்னனி. நல்லது," என்று சொல்லி என்னை இறக்கிவிட்டார். கார் முதன்மை வீதியில் ஏறி, நான் கையை உயர்த்தமுன் போய்விட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு துப்பறிதல் நடந்தது. டொக்டராக இருக்கலாம் என்றார் அம்மா. தேயிலைத் தோட்டத்து ஆளாக இருந்தால் மானம் போய்விடும் என்றார் அப்பா. தொலைபேசியில் ஆண்குரல் ஏதும் கேட்கிறதா என்று நானும் காதைத் தீட்டினேன்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் கடுகு நிறக் கார் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றது. அவ்வளவு தூரமும் மாமியே ஓட்டி வந்திருந்தார். மெலிந்து, கறுத்து, கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. நாங்கள் மூவரும் ஓடிப்போனோம். மூவரும் மாமியைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சீற்றைத்தான் பார்த்தோம். அங்கே ஒரு சாக்கு மலைநாட்டு லீக்ஸும் கரட்டும் பெல்ற் போட்டு இருத்தப்பட்டிருந்தன.

பெரியவர்கள் உள்ளே போனதும் நான் காருக்குள் ஏறித் தேடினேன். முன்னால் இருந்த லாச்சிப் பெட்டியைத் திறந்தேன். ஒரு சீப்பு, பாதி விசுக்கோத்துப் பைக்கற், எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டு. வேறொன்றுமில்லை. சாக்கை எடுக்க மாமி திரும்பி வந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அவர் வரேல்லையோ, மாமி?"

மாமி என்னைப் பார்த்தார். கோபித்திருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். அந்த வீட்டில் ஒருத்தியாவது கேட்கமாட்டாள் என்று நினைத்திருந்தவரைப்போல் பார்த்தார்.

"லீக்ஸை மெதுவாத் தூக்கு, பிள்ளை. முறிஞ்சு போம்," என்றுவிட்டு உள்ளே நடந்தார்.

மாமி எங்களுக்கு முதலிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை. சாக்கை இறக்கி வைத்தேன். கதவை மூடமுன், முன்சீற்றை மடித்து, பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று இன்னொருதரம் எட்டிப் பார்த்தேன்.