ஊசி போட்டாச்சா?

பிரசவ வார்டில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. மயிரிழை போன்ற ஊசிகளைக் காதிலும் கையிலும் காலிலும் செருகி வலியைத் தணிப்பது அவள் வேலை. வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவர்களுக்கு மருந்தோடு இதுவும் இருக்கட்டும் என்று பெரிய டாக்டரம்மாதான் அவளைச் சேர்த்துக்கொண்டார். கை பூப்போல, வாய்தான் ஓயாது. "என் வீட்டுக்காரரு அவ்ளோ பெரிய பஸ்ஸ ஓட்டுறாரு, என் ஊசிப் பெட்டியத் திறந்தா ஓட்டம் பிடிக்கிறாரு" என்பாள். "சிரிக்க வைக்காதீங்கக்கா, தையல் இழுக்குது" என்று பெண்கள் கெஞ்சுவார்கள்.

ஜன்னலோரக் கட்டில்காரி மட்டும் சிரிக்கவில்லை. எடை குறைவென்று அவள் குழந்தையை மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இன்னும் முகம்கூடப் பார்க்கவில்லை. எழுந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கூட்டிப்போகலாம். அவளுக்கோ புரண்டு படுக்கவே உயிர் போனது.

"சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன் பாரு" என்று ஊசியக்கா வாக்குக் கொடுத்துவிட்டு ஊசிகளைச் செருகினாள். அந்நேரம், அப்போதுதான் மத்தியான வேலைக்கு வந்த நர்ஸ் கதவருகே தலையை நீட்டினாள்.

"ஜன்னலோரத்துக்கு ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு!" என்றாள் ஊசியக்கா, பெருமை பொங்க.

சாயங்காலம் வந்து பார்த்தால், அந்தப் பெண் போர்வையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறாள்.

"உங்க ஊசி எனக்கு மட்டும் கேக்கலக்கா. எம்பிள்ளைய நான் எப்பப் பாக்கப் போறேன்?"

"மருந்து ஊசி எப்பம்மா போட்டாங்க?"

"காலையில போட்டதுதான்."

ஊசியக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மத்தியானம் நர்ஸ் கேட்டது அந்த ஊசியை! நேரே நர்ஸிடம் ஓடினாள்.

"சிஸ்டர், நீங்க உங்க ஊசியக் கேட்டீங்க, நான் என் ஊசியச் சொல்லித் தொலைச்சிட்டேன். பாவம், அந்தப் பொண்ணு துடிக்குது."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "மருந்துச் சீட்டைப் பாக்காம உங்க வாய நம்பினேனே, என்னைச் சொல்லணும்!" என்று திட்டிக்கொண்டே மருந்தை எடுத்துக்கொண்டு விரைந்தாள்.

மருந்து ஏறும்வரை ஊசியக்கா கட்டிலை விட்டு நகரவில்லை. மறுபடி ஊசிகளைச் செருகினாள். "மன்னிச்சிடும்மா" என்றாள். அந்தப் பெண் எழுந்திருக்க ஊசியக்காவின் தோளைத்தான் பிடித்தாள்.

மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையளவு முகம், மூக்கைச் சுளித்துக்கொண்டு தூங்கியது. நாற்காலியிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அங்கிருந்த நர்ஸ் பெட்டியின் சிறு கதவைத் திறந்துவிட, கையை உள்ளே விட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். ஊசியக்கா நாற்காலியை அவள் பின்னால் நகர்த்தினாள்.

"வலிக்குதா? உக்காந்துக்கிறியா?"

"வலிக்குதுக்கா. இருந்துட்டுப் போகட்டும். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

"நில்லும்மா" என்று ஊசியக்கா அவள் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.