சத்தியத்துக்குள் மாட்டிய பாதாளராயன்

1986 ஆனியில் தல்லாகுளத்துச் சந்து ஒன்றில் மூன்று வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. அவற்றில் சிவனாண்டியை உள்ளே விடும் வீடு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

ஆள் கெட்டவர் இல்லை. நாற்பத்தொரு வயது. பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். பேரையூர் வண்டி கிளம்ப ஒரு நிமிஷம் தாமதித்தால் மைக் இல்லாமல் அவர் போடும் சத்தத்தில், டீக்கடையில் நிற்கும் டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடிவருவார். அந்தக் குரலுக்கு முணுமுணுக்கத் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதே குரலோடுதான் ‘செங்கோடன் கப்பல்’ பார்க்க உட்காருவார்.

பொம்மைத் தொடர் அது. செங்கோடன் என்கிற மரப்பொம்மை மாலுமி, ஜிகினாத்தாள் கடலில் அட்டைக் கப்பல் ஓட்டிக்கொண்டு, கன்னத்தில் வெட்டுக்காயமும் பெரிய மீசையும் உள்ள பாதாளராயன் தூக்கிப்போன இளவரசியைத் தேடித் தீவு தீவாகச் சுற்றுவான். ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. சிவனாண்டி மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“செங்கோடனுக்குப் போன வாரம் இடது கண்ணுல கட்டு. இந்த வாரம் வலது கண்ணுல. புண்ணு என்ன பஸ்ஸு மாறி ஏறிருச்சா?”

கப்பலுக்குத் தூரத்தில் பார்த்தால் மூன்று பாய், கிட்டத்தில் பார்த்தால் இரண்டு. மூன்றாம் தீவில் முங்கிச் செத்த கிளி, ஐந்தாம் தீவில் தோளில் உட்கார்ந்து மிளகாய்ப்பழம் கேட்டது. புயலில் பறந்த செங்கோடனின் மீசை அடுத்த வசனத்துக்குள் தானாக ஒட்டிக்கொண்டது. ஒருமுறை வானத்தில் மேகத்தோடு மேகமாக ஒரு மனிதக் கை தெரிந்தது. அதில் வாட்ச் வேறு. “இளவரசி நடுச்சாமத்துல அழுகுறா, வாட்ச்சுல மணி பத்தே கால்!” என்று சிவனாண்டி கத்தியது கோரிப்பாளையம் வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

கிளி பிழைத்து வந்த சந்தோஷத்தில் கைதட்டியவர்களுக்கு அது செத்ததை ஞாபகப்படுத்தியதால் முதல் வீட்டில் கதவு அடைபட்டது. இரண்டாவது வீடு வாட்ச்சால் போனது. மூன்றாவது, சிமெண்ட் கடை விருமாண்டியின் வீடு. முறைக்கு மச்சான் என்பதால் மீசை வரைக்கும் பொறுத்தார். கடைசி வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை, செங்கோடன் வாளைக் கடலில் தவறவிட்டு வெறுங்கையோடு நின்றான். விருமாண்டியின் மனைவி ராமக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“அழுகாத தாயி, இடுப்புல அதே வாளு தொங்குது பாரு” என்றார் சிவனாண்டி.

ராமக்காள் பார்த்தாள். தொங்கியது. அழுகை நின்று கோபம் வந்தது.

“ஏண்ணே, மனுசி நிம்மதியா அழுகக்கூட விட மாட்டீகளா?”

விருமாண்டி எழுந்து பெட்டியின் மரக்கதவைச் சாத்தினார். “மாப்ள, அடுத்த வாரம் கதை முடியுது. வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணுனாத்தான் நீ வாசப்படி ஏறலாம்.”

“உன் தலையில அடிச்சுச் சொல்றேன் மச்சான்.”

“என் தலை எனக்கு வேணும்ப்பா. கீழக்குயில்குடிக்குப் போவோம். அய்யனாரு முன்னால சூடத்தை அணை.”

இந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. கோர்ட்டில் சாட்சி பல்டி அடிப்பான். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை மாற்ற மாட்டான். மறுநாளே இருவரும் போனார்கள். சமணர் மலை அடிவாரத்துக் கோயிலில் பூசாரி சூடத்தை ஏற்றிவிட்டு விசாரித்தார்.

“என்ன விவகாரம்? வரப்பா, மாடா?”

“பொம்மைங்க” என்றார் சிவனாண்டி.

பூசாரி விருமாண்டியைப் பார்த்தார். விருமாண்டி மலையைப் பார்த்தார்.

சத்திய வாசகத்தை விருமாண்டிதான் சொல்லிக்கொடுத்தார். சிமெண்ட் வியாபாரி அல்லவா, எங்கேயும் ஓட்டை விழக்கூடாது என்பதில் குறியாக இருந்தார். “செங்கோடன் கதையில என்ன தப்பைப் பாத்தாலும், இன்னைக்கும் என்னைக்கும், எவருகிட்டயும் சொல்ல மாட்டேன்.” சிவனாண்டி அதையே திருப்பிச் சொல்லிச் சூடத்தை அணைத்தார்.

கடைசிச் சனிக்கிழமை விருமாண்டி வீட்டுக் கூடத்தில் கால்வைக்க இடமில்லை. பெட்டி வைத்திருந்த மற்ற இரண்டு வீட்டாரும், சிவனாண்டி தாங்குவாரா என்று பார்க்க அங்கேயே வந்துவிட்டார்கள். அவர் வாய் நிறைய வெற்றிலையை அடைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்புக்கு மனைவி முத்துத்தாய் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நடுவில் படம் போய், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ வந்தது. அதற்குக்கூட அவர் வாய் திறக்கவில்லை.

பாதாளராயன் எரிமலைக்குள் தலைகீழாக விழுந்து செத்தான். இளவரசிக்கும் செங்கோடனுக்கும் கல்யாணம். மேளம் கொட்டியது. பொம்மை விருந்தாளிகள் வரிசையில் நின்று பூத்தூவினார்கள்.

சிவனாண்டிக்குப் புரையேறியது. கண் பிதுங்கியது. ஒரு விரல் திரையை நோக்கி எழுந்தது. முத்துத்தாய் அதை மடக்கினாள். ‘சுபம்’ விழுந்தது.

கூடம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது.

“என்னண்ணே பாத்தீக?” என்றாள் ராமக்காள்.

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

“கண்ணுக்கட்டா? அது சரியாத்தான இருந்துச்சு. நான் உத்துப் பாத்தேனே” என்றார் முதல் வீட்டுக்காரர்.

“பாயும் சரிதான், எண்ணிப்புட்டேன்” என்றார் இரண்டாம் வீட்டுக்காரர்.

அப்போதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஒருவரும் கதையைப் பார்த்திருக்கவில்லை. கூடமே தப்பைத் தேடியிருக்கிறது. சிக்கியது சிவனாண்டிக்கு மட்டும்.

“சொல்லித் தொலை மாப்ள!”

“சத்தியம் மச்சான்.”

“நான்தான வாங்குனேன், நானே விட்டுட்டேன் போ.”

“வாங்குனது நீயி. வச்சிருக்கிறது அவரு” என்று கோயில் இருக்கும் மேற்கே கை காட்டினார் சிவனாண்டி.

“அப்ப எழுதியாச்சும் காட்டுங்கண்ணே” என்றாள் ராமக்காள்.

“அய்யனாருக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சியா?” என்று முத்துத்தாய் புருஷனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை ராமக்காள் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். செவ்வாய்க்கிழமை விருமாண்டி கடையை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வண்டிகளுக்கு நடுவில் நின்று கெஞ்சினார்.

“வாயால சொல்ல வேணாம் மாப்ள. தலைய மட்டும் ஆட்டு. கிளியா?”

“பேரையூர் வண்டி எடு!” என்றார் சிவனாண்டி.

சூடத்தில் ஏறின சத்தியத்தை இறக்க வழி உண்டு. கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து வந்து சாமி முன்னால் ஒத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை பாதிச் சந்து டவுன் பஸ் ஏறியது.

“திரும்பவும் பொம்மையா?” என்றார் பூசாரி.

விருமாண்டி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். “கண்ணு பாத்ததைச் சொல்ல வேணாம்னு கட்டிப்போட்டது என் தப்புதான் சாமி.” தேங்காய் உடைந்தது. பூசாரி இருவர் நெற்றியிலும் திருநீறு இட்டு, “இறங்கிருச்சு, சொல்லு” என்றார்.

சிவனாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“கல்யாணத்துல ரெண்டாவது வரிசையில தலைப்பாக் கட்டுன ஒருத்தன் பூப்போட்டான்ல? அவன் பாதாளராயன்!”

மலை அதைத் திருப்பிச் சொன்னது.

“எரிமலையில விழுந்து செத்தவனா?”

“அவனேதான் மச்சான். பொம்மை பத்தல போல. மீசையப் பிச்சுட்டுத் தலைப்பாவ வச்சுவிட்டுட்டாய்ங்க. கன்னத்து வெட்டுக்காயத்தை மறைக்க மறந்துட்டாய்ங்க.”

ராமக்காள் சிரித்துச் சிரித்துக் கோயில் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “தூக்கிட்டுப் போனவனே வந்து அட்சதை போட்டானாக்கும்! அம்புட்டு நல்ல மனசு!”

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போன பூசாரி பாதியில் திரும்பி வந்தார். “அது கெடக்கட்டும், அந்தக் கிளி எப்படிய்யா பொழச்சுச்சு? எனக்கு அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு.”

அடுத்த சனிக்கிழமை அதே ஆறு மணிக்கு நெற்பயிரில் குலைநோய் பற்றி ஒரு நிகழ்ச்சி போட்டார்கள். விருமாண்டி வீட்டு முன்வரிசையில் சிவனாண்டிக்கு நாற்காலி போட்டிருந்தது.