மொட்டை மாடிக் கப்பலின் இரண்டு விளக்குகள்

அந்தப் பட்டியல் ஒரு பழைய லூப் செக் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆறு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இரண்டு கட்டம். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு.

லூப் செக் என்பது அனல்மின் நிலையத்தில் நானும் என் தோழியும் மூன்று வருடம் சேர்ந்து செய்த வேலை. அவள் வெளியே பாய்லர் பக்கத்தில் நின்று ஒரு கருவியின் கம்பியில் அளந்து மின்னோட்டம் கொடுப்பாள். நான் கண்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்து, தெரிகிற எண்ணை வாக்கிடாக்கியில் சொல்வேன். இரண்டும் பொருந்தினால் அவள் கட்டத்தில் அவள் டிக் போடுவாள், என் கட்டத்தில் நான். ஒருவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. ஒருமுறை, புதிதாகச் சேர்ந்த ஒருவன் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதென்று இரண்டு கட்டத்திலும் தானே போட்டுவிட்டான். அவள் அந்தத் தாளை அவன் எதிரிலேயே கிழித்தாள். "கண்ணால பாக்காம டிக் போடுத ஆள நம்பி நான் பாய்லர் பக்கத்துல எப்படிலே நிப்பேன்?" என்று கேட்டாள்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. வேலையை விட்டாள். விசா வந்துவிட்டது, ஜூனில் மஸ்கட். அதற்குள் ஒரு நாள் என் ஸ்கூட்டரில் தூத்துக்குடியிலிருந்து உவரி வரை போய், வழியில் இருக்கும் விசித்திரங்களை மட்டும் பார்த்து வருவது என்று பேசிக்கொண்டோம். பட்டியலில் இடம்பெற ஒரே தகுதி, பார்த்ததும் "இது எதுக்கு இங்கன இருக்கு?" என்று கேட்கத் தோன்ற வேண்டும். இரண்டு ஞாயிறு தள்ளிப்போனது. மூன்றாவது மே மாதத்தின் கடைசி ஞாயிறு. அதன் பிறகு ஞாயிறு இல்லை.

காலை ஐந்தரைக்கு நான் பெட்ரோல் பங்கில் இரண்டு ஹெல்மெட்டோடு நின்றேன். அவளிடமிருந்து செய்தி வந்தது. மாமியார் வீட்டிலிருந்து திடீரென்று வருகிறார்களாம், சாமான் கட்ட. நீ போ, போட்டோ அனுப்பு என்று எழுதியிருந்தாள். இரண்டாவது ஹெல்மெட் சீட்டுக்கு அடியில் நுழையவில்லை. கைப்பிடியில் மாட்டினேன். நாள் முழுக்க அது என் முழங்காலில் இடித்துக்கொண்டே வந்தது.

முதலாவது, உப்பளங்களுக்கு நடுவே தனியாக நிற்கும் பஸ் நிறுத்தம். சுற்றிலும் வீடு கிடையாது, பஸ்ஸும் நிற்பதில்லை. உள்ளே சிமெண்ட் பெஞ்சில் யாரோ ஒரு ஜோடிச் செருப்பை விட்டுப் போயிருந்தார்கள். அதன்மேல் உப்புத் தூசி. படம் எடுத்து அனுப்பினேன். சிரிக்கும் பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

இரண்டாவது, காயல்பட்டினம் தாண்டி, மூன்று தலையாகக் கிளை விட்ட ஒற்றைப் பனை. அதன் அடியில் நுங்கு விற்றவரிடம், இது எப்படி அண்ணாச்சி மூன்றாகப் பிரிந்தது என்று கேட்டேன். "அண்ணன் தம்பி தகராறுதான்" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்து இரண்டு பேருக்கு நுங்கு வெட்டிவிட்டார். இரண்டையும் நானே தின்றேன்.

மூன்றாவது, தேரி. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் செம்மண் எப்படிக் குன்று குன்றாகக் குவிந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மணலுக்குள் சக்கரம் புதைந்தால் பின்னால் தள்ள ஆள் வேண்டும் என்பதால், வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தேன். நான்காவது, திருச்செந்தூரில் கடலை ஒட்டி இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு. ஒருவர் துண்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக வரிசையில் நின்றார்கள். ஐந்தாவது, உவரியில் கப்பல் வடிவில் கட்டி, அதன் மேல் ஆகாய விமானமும் வைத்த மாதா கோவில். மூன்றுக்கும் படம் அனுப்பினேன். பதில் வரவில்லை. அவள் வீட்டில் ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டு என் கட்டங்களில் மட்டும் டிக் போட்டேன்.

ஆறாவதைத் திரும்பும்போது பார்ப்பதாக வைத்திருந்தோம். உவரிக்கும் மணப்பாட்டுக்கும் இடையில், ரோட்டோரத்து வீடு ஒன்றின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கப்பலாகக் கட்டியிருந்தார்கள். போன வருடம் கன்னியாகுமரிக்கு அலுவலகச் சுற்றுலா போய் மாலையில் பஸ்ஸில் திரும்பும்போது, அதன் இரு பக்கமும் விளக்கு எரிவதைப் பார்த்தோம். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. சிவப்பு வலப்பக்கம் என்றேன் நான். அவள் இடப்பக்கம் என்றாள். தூத்துக்குடி வந்து சேரும்வரை சண்டை ஓயவில்லை. பட்டியலில் அவள் கையெழுத்தில், "சிவப்பு எந்தப் பக்கம்? எரியவிட்டுப் பார்க்க."

நான் போனபோது வெயில் இறங்கியிருந்தது. விளக்குகள் எரியவில்லை. வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்காவிடம் வந்த விஷயத்தைச் சொன்னேன். தன் வீட்டு விளக்கைப் பார்க்க ஒரு பெண் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். அவர் ஊரில் இருந்தால்தான் அந்த விளக்கைப் போடுவார்களாம்.

"வார வியாழக்கெழம வாராக. போட்டுப் பாத்து எட்டு மாசமாச்சி" என்றார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்தது போல. "இரு, போடுதேன். நீ ரோட்டுல நின்னு பாத்துச் சொல்லு."

உள்ளே போனார். நான் ரோட்டில் நின்றேன்.

"எரியுதாம்மா?"

"செவப்பு எரியுது. பச்ச எரியல."

மெயினை அணைக்கச் சொல்லி மாடி ஏறினேன். உப்புக்காற்றில் பச்சை விளக்கின் ஹோல்டர் களிம்பேறி இருந்தது. அக்கா கொடுத்த நகம் தேய்க்கும் அரத்தால் சுரண்டி, பல்பை மறுபடி மாட்டினேன். அங்கே நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. கப்பலின் முகப்பு தெற்கே, பஸ் வந்த திசையைப் பார்த்து இருந்தது. நான் பஸ் வரும்போது முன்னாலிருந்து பார்த்திருக்கிறேன், சிவப்பு வலப்பக்கம். அவள் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்திருக்கிறாள், சிவப்பு இடப்பக்கம். இரண்டு பேர் சொன்னதும் சரி. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே இறங்கினேன்.

"இப்ப?" என்று உள்ளிருந்து குரல்.

"ரெண்டும் எரியுதுக்கா."

அவர் சுவிட்சை அணைக்கவில்லை. ஈரக் கையோடு ரோட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "நம்ம கண்ணால பாக்கணும்லா" என்றார்.

அதற்குள் எதிர் வீட்டுப் பெரியவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "ஏளா, மாப்ள வந்துட்டானா? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"இல்ல மாமா, சும்மா எரியுதான்னு பாத்தோம்."

பின்னாலேயே பாதி பின்னிய சடையோடு ஒரு பெண், பிறகு பக்கத்துக் கடைக்காரர், பிறகு இன்னும் இருவர். எல்லோரும் சிரித்த முகத்தோடுதான் வந்தார்கள். அக்கா ஐந்து பேருக்கும் அதே வாக்கியத்தைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தணிந்தது. கடைசி ஆள் போனதும் உள்ளே போய் அணைத்தார். திரும்பி வந்து, மீனைக் கழுவ உட்கார்ந்தார்.

நான் வண்டியை எடுக்கும்போது தோழியின் அழைப்பு வந்தது. பின்னால் டேப் ஒட்டும் சத்தமும் பேச்சுக் குரல்களும் கேட்டன. எத்தனை முடிந்தது என்று கேட்டாள். ஆறும் என்றேன். சிவப்பு எந்தப் பக்கம் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சூப்பர்ளா. என் கட்டத்துலயும் நீயே டிக் போட்ரு" என்றாள்.

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

தாளைச் சீட்டின் மேல் விரித்து, ஆறாவது வரிசையில் என் டிக்கைப் போட்டேன். பேனா அவள் கட்டத்துக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடினேன். அவளே கிழித்துப் போட்டிருப்பாள் அப்படி ஒரு தாளை.

அவள் ஜூன் முதல் வாரம் போனாள். என் மேஜை இழுப்பறையில் அந்தத் தாள் இருக்கிறது, என் பக்கம் ஆறு டிக்கும், அவள் பக்கம் ஆறு வெற்றுக் கட்டங்களுமாக.